களியக்காவிளை பக்கம் ஒரு நாள் மிஷன் ட்ரிப் வர்றீங்களா, இத படிச்சிட்டு வண்டி ஏறுங்க

வருஷா வருஷம் சென்னைல இருந்தும் பெங்களூர்ல இருந்தும் ஏதாவது ஒரு சபை வாலிபர் கூட்டம் பழைய மிஷன் இடங்களையும் சபை வேலைகளையும் பாக்க, கன்னியாகுமரி மாவட்டத்துல கேரளா எல்லைப் பக்கம் இருக்க எங்க ஊருக்கு வரும், பாதிப் பேரு எங்க வீட்டு மாடிலதான் படுப்பாங்க. நல்லா நடந்த ட்ரிப்பும் பாத்திருக்கேன், சொதப்புனதும் பாத்திருக்கேன். சொதப்புனதுக்கெல்லாம் காரணம் ஒண்ணுதான், கையில இருக்கிற பேப்பர்ல ஏழு இடம்.

மூணு இடத்துக்கு மேல போடாதீங்க. மேப்ல பாத்தா நாகர்கோவில்ல இருந்து களியக்காவிளை பக்கம்தான்னு தோணும், மார்த்தாண்டம் டிராஃபிக்ல ஒரு தடவ மாட்டுனா தெரியும். ஒரு தடவ ஒரு டீம் பதினொரு மணிக்கு தையல் சென்டருக்கு வரோம்னு சொல்லிட்டு ரெண்டரைக்கு வந்துச்சு, அங்க இருந்த அக்காமாரு எல்லாம் ஒரு நாள் கூலிய விட்டுட்டு நல்ல சேலை கட்டி உக்காந்திருக்காங்க, போட்ட பழ பஜ்ஜி ஆறிப் போய் கெடக்கு, இவங்க பத்து நிமிஷம் நின்னு செல்ஃபி எடுத்துட்டு அடுத்த இடத்துக்கு லேட்டாச்சுன்னு ஓடிட்டாங்க. எனக்குத்தான் அப்புறம் ஒரு மாசம் அந்தத் தெருவுல நடக்க வெக்கமா இருந்துச்சு.

காலைல நாகர்கோவில் பக்கம் இருக்க மைலாடில ஆரம்பிங்க, ஏழரை எட்டுக்கே. தெற்கு திருவிதாங்கூர் புராட்டஸ்டன்ட் மிஷன் கதையே அங்கதான் தொடங்குது. மைலாடிக்காரர் மகாராசன் வேதமாணிக்கம் கூப்பிட்டுத்தான் ஜெர்மன் மிஷனரி ரிங்கல்தௌபே 1806ல வந்தாரு, 1809ல அங்க ஆலயம் வந்துச்சு. அதாவது வெளிநாட்டுக்காரர் வர்றதுக்கு முன்னாடியே இங்க ஒரு ஆளு தேடிப் போயிருக்காரு. டீம்ல இருக்க பிள்ளைங்களுக்கு இத வண்டிலயே சொல்லிடுங்க, நாமதான் இவங்களுக்கு எதையோ கொண்டு போறோம்ங்கிற நெனப்பு கொஞ்சம் இறங்கும்.

அடுத்து நெய்யூர், திங்கள்சந்தை பக்கம். 1838ல தொடங்குன மிஷன் ஆஸ்பத்திரி. 1922லயும் 1924லயும் எவரெஸ்ட் ஏறப் போன டாக்டர் சோமர்வெல் இங்கதான் வருஷக்கணக்கா ஆபரேஷன் பண்ணாருன்னு சொன்னா பசங்க வாயப் பொளப்பாங்க. ஆனா அது ஆஸ்பத்திரி மக்களே, வார்டுக்குள்ள இருவது பேரா நுழையாதீங்க. முன்னாடியே போன் பண்ணி கேளுங்க, நாலஞ்சு பேரா பிரிஞ்சு போங்க, நோயாளி கிட்ட ஜெபம் பண்ணலாமான்னு அவங்க கிட்டயே கேளுங்க, வேண்டாம்னா சிரிச்சிட்டு நகர்ந்துடுங்க. மணி போச்சுன்னா வெளிய நின்னு பாத்துட்டு கெளம்புனாலும் தப்பில்ல.

மதியத்துக்கு அப்புறம் உள்ளதுதான் முக்கியம், உள்ளூர் சபையும் அது நடத்துற வேலைகளும். டியூஷன் சென்டர், தையல், முதியோர் வீடு, மகளிர் குழு, இதுல ஒண்ணு மட்டும் எடுத்துக்கோங்க, ரெண்டு மணி நேரம் அங்கயே இருங்க. லேஸ் பின்னுற அக்காமாரு கெடச்சா விடாதீங்க, 1820கள்ல மிஷனரி மார்த்தா மால்ட் நாகர்கோவில்ல சொல்லிக்குடுத்த வேலை அது, அடிமையா இருந்த பொம்பளைங்க அந்தக் காச வச்சே தங்களை மீட்டுக்கிட்டாங்க. பக்கத்துல உக்காந்து ஒரு வரிசை பின்னிப் பாருங்க, விரல் வலிக்கிறப்பதான் விலை ஏன் அவ்ளோன்னு புரியும், பேரம் பேச மனசு வராது.

இப்போ சாமான் விஷயம். நாங்களே ஒரு வருஷம் இருநூறு நோட்டு வாங்கிட்டு எல்லை தாண்டி கேரளாவுல பாறசாலைக்கு அந்தப் பக்கம் ஒரு டியூஷன் சென்டருக்குப் போனோம். அங்க பீரோவத் தெறந்து காட்டுனாங்க, முன்னாடி வந்த டீமுங்க குடுத்த நோட்டு அடுக்கி வச்சிருக்கு. அந்த டீச்சரம்மா பாவம் தமிழும் மலையாளமும் கலந்து மெதுவா கேட்டாங்க, "நோட்டு நெறைய உண்டு மக்களே, பிளஸ் டூ பிள்ளைங்களுக்கு கணக்கு எடுக்க ஆளு உண்டா?" எங்க டீம்ல நாலு இன்ஜினியரு! அதுல ஒருத்தன் அப்புறம் வாரம் ரெண்டு நாள் ராத்திரி வீடியோ கால்ல கணக்கு எடுத்தான். அதனால வர்றதுக்கு ஒரு மாசம் முன்னாடியே கேட்டுடுங்க, என்ன வேணும்னு. ஒண்ணும் வேண்டாம் சும்மா வாங்கன்னு சொன்னா சும்மாவே வாங்க.

பிள்ளைங்க இருக்கிற இடத்துல போன பைக்குள்ள போடுங்க. இல்லத்துல தங்கிப் படிக்கிற பிள்ளைங்க முகமும் பேரும் வெளிய தெரியுற மாதிரி போட்டா சிறார் நீதிச் சட்டம் 2015 படி குற்றம், ஸ்டேட்டஸ்ல போட்டாலும் வம்புதான். மிட்டாய் வீசுற பழக்கமும் வேண்டாம், எரிச்சலா வருது பாக்கவே.

யூகே அமெரிக்கால இருந்து சொந்தக்காரங்க கூட வர்றாங்கன்னா இத நல்லா கேட்டுக்கோங்க. டூரிஸ்ட் விசால வந்தவங்க ஆராதனைல உக்காரலாம், பிரசங்கம் பண்ணக் கூடாது, மிஷனரி வேலைக்கு தனி விசா. வெளிநாட்டு குடியுரிமை உள்ள நம்ம ஊர்க்காரங்களுக்கு குடுக்குற ஓசிஐ கார்டு இருந்தாலும் மிஷனரி வேலைக்கு 2021ல இருந்து தனி அனுமதி வேணும். அப்புறம் பணம். வெளிநாட்டு பாஸ்போர்ட்டுக்காரங்க ரூபா நோட்டாவே நீட்டுனாலும் அது வெளிநாட்டு நன்கொடைதான், எஃப்சிஆர்ஏங்கிற வெளிநாட்டு நன்கொடைச் சட்டத்துல பதிவு உள்ள அமைப்பு மட்டும், அதுவும் 2020க்கு அப்புறம் டெல்லி எஸ்பிஐ மெயின் பிராஞ்ச் அக்கவுண்ட் வழியாத்தான் வாங்க முடியும். பாசத்துல போதகர் கைல கவர திணிச்சிட்டு நீங்க ஃப்ளைட் ஏறிடுவீங்க, பதில் சொல்லுறது அவருல்லா. துபாய்ல இருக்க மச்சான் இந்திய பாஸ்போர்ட்டோட தன் சம்பாத்தியத்த பேங்க் வழியா அனுப்புனா அது வேற, அதுக்கு இந்தத் தொல்லை இல்ல.

சாப்பாடு சபையிலயே போடுவாங்க, மரச்சீனிக் கிழங்கும் மீன் கறியும், கடைசில மட்டி வாழைப்பழம். வேண்டாம்னு சொல்லிடாதீங்க, ஆனா எத்தன பேருன்னு முந்தின நாளே கரெக்டா சொல்லுங்க, செலவ செயலர் கைல குடுங்க, வாங்க மாட்டேன்னா காணிக்கைப் பெட்டில போடுங்க. வாசல்ல செருப்பு கெடந்தா நீங்களும் கழட்டுங்க. ஜூன் ஜூலையிலயும் மழை, அக்டோபர் நவம்பர்லயும் மழை, குடை கண்டிப்பா.

ஊருக்குப் போனதும் அந்த சபைக்கு ஒரு போன் பண்ணுங்க, பெரியவங்கள எடுத்த போட்டோவ பிரிண்ட் போட்டு தபால்ல அனுப்புங்க. எங்க பக்கத்து வீட்டு ஆச்சி 2019ல வந்த டீம் அனுப்புன போட்டோவ இன்னும் பைபிளுக்குள்ளதான் வச்சிருக்காங்க, அதுல இருக்க ஒரு பையனுக்கு கல்யாணம் ஆச்சான்னு என்கிட்ட மாசத்துக்கு ஒரு தடவ கேப்பாங்க.