மலைப்பாதையில் டயர் போனால்: எங்கே நிறுத்துவது, எப்படி மாற்றுவது

எனக்கு முதல் தடவை டயர் போனது புசல்லாவைக்கும் றம்பொடைக்கும் நடுவில். மாமாவின் கார், நான் லைசன்ஸ் எடுத்து மூன்று மாதம். தடதடவென்று சத்தம் கேட்டதும், ரிம் நசுங்கினால் மாமாவுக்கு என்ன பதில் சொல்வது என்ற பயத்தில் வளைவிலேயே நிறுத்திவிட்டேன். பின்னால் வந்த பஸ் ஹோர்ன் அடித்தபடி மயிரிழையில் விலகிப் போனது. அதற்கும் பின்னால் வந்த கொழுந்து லொறியின் டிரைவர் இறங்கி வந்து, "ஏன் தம்பி, வளைவுலயா நிப்பாட்டுவீங்க? அந்தா தெரியுதே பிள்ளையார் கோயில், அதுவரைக்கும் மெதுவா உருட்டிக்கிட்டு வந்திருக்கலாமே" என்றார்.

அன்று அவரிடம் கற்றதும், அதற்குப் பிறகு பட்டுத் தெரிந்துகொண்டதும் இதில் இருக்கின்றன. புதிதாக வண்டி ஓட்டுகிறவர்களுக்காக எழுதுகிறேன்.

டயர் போன அந்த நொடியில்

முன் டயர் போனால் ஸ்டியரிங் அந்தப் பக்கமாக இழுக்கும். பின் டயர் போனால் வண்டியின் வால் ஆடுவது போல இருக்கும். எதுவானாலும் முதல் வேலை, ஸ்டியரிங்கை இரண்டு கையாலும் இறுக்கிப் பிடித்து வண்டியை நேராக வைத்திருப்பது. கால் தானாகவே பிரேக்குக்குப் போகும், போக விடாதீர்கள். காற்றில்லாத டயரோடு பிரேக்கை ஓங்கி மிதித்தால் வண்டி ஒரு பக்கமாகச் சுழலும். அக்சிலரேட்டரிலிருந்து காலை மெதுவாக எடுங்கள்.

சமவெளியில் இவ்வளவு செய்தாலே வண்டி தானாக வேகம் குறைந்துவிடும். நுவரெலியாவிலிருந்து இறங்கும்போது அப்படிக் குறையாது. இறக்கம் தள்ளிக்கொண்டே இருக்கும். அதனால் வண்டி நேராக ஓட ஆரம்பித்ததும் ஒவ்வொரு கியராகக் குறையுங்கள். ஓட்டோ கியர் என்றால் 'L' அல்லது 'B' (பார்க்கிங்குக்கான 'P' அல்ல). பிரேக்கைத் தொட்டுத் தொட்டு விட்டால் போதும். ஹேண்ட் பிரேக்கை மட்டும் இழுத்துவிடாதீர்கள்.

இடம் பார்த்து நிறுத்துங்கள்

வேகம் குறைந்ததும் ஹசார்ட் லைட்டைப் போட்டுவிட்டு, ஆள் நடக்கும் வேகத்தில் உருட்டிக்கொண்டு போகலாம். டயர் கிழியும், ரிம்கூட வளையலாம். இரண்டையும் கடையில் வாங்கிக்கொள்ளலாம், பரவாயில்லை. வளைவு தாண்டி, இரு பக்கமும் தூரத்திலிருந்தே வண்டி தெரிகிற, ஓரளவு மட்டமான இடம் வேண்டும். பஸ் ஹோல்ட், கோயில் வாசல், தோட்டத்துப் பாதை பிரியும் சந்தி என்று நம் வீதிகளில் அப்படி இடங்கள் கிடைக்கும்.

நாம் இடப்பக்கம் ஓட்டுகிறவர்கள். ஏறும்போது இடப்பக்கம் மண்மேடு என்றால், அதே இடத்தில் இறங்கும்போது இடப்பக்கம் பள்ளம். பள்ளத்து ஓரம் புல் மூடி உறுதியானது போலத் தெரியும், மழைக்காலத்தில் அதை நம்பி சக்கரத்தை இறக்கக்கூடாது. மேட்டுப் பக்கம் கான் இருக்கிறதா என்று பாருங்கள். புதிதாக மண் சரிந்து கிடக்கும் மேட்டின் கீழேயும் நிற்க வேண்டாம்.

நிறுத்தியதும் எல்லோரையும் இறக்கி, வண்டிக்கு முன்னாலும் பின்னாலும் இல்லாமல், வீதியை விட்டுத் தள்ளி நிற்கச் சொல்லுங்கள். முக்கோணப் பலகை இருந்தால் வளைவுக்கு அந்தப் பக்கமே வையுங்கள், வருகிறவர் திரும்புமுன் பார்க்க வேண்டும். இல்லையென்றால் நம்மூர் வழக்கப்படி இலையோடு இரண்டு கொப்பு. மூடுபனி இறங்கிவிட்டால் கொப்பு யாருக்கும் தெரியாது. ஒருவர் ஓரமாக நின்று டோர்ச் காட்டட்டும்.

ஜாக் வைக்குமுன் கல்

இதைத்தான் பலர் விட்டுவிடுகிறார்கள். பெரும்பாலான கார்களில் ஹேண்ட் பிரேக் பின் சக்கரங்கள் இரண்டை மட்டும்தான் பிடிக்கும். பின் சக்கரம் ஒன்றைத் தூக்கினால் மிச்சம் ஒன்று. கியரில் போட்டிருக்கிறேனே என்பீர்கள். எஞ்சின் இழுக்கிற பக்கத்துச் சக்கரம் ஒன்றைத் தூக்கினால் அது சும்மா சுற்றும், கியர் பிடித்திருப்பதில் பயனில்லை. ஆகவே ஹேண்ட் பிரேக், கியர் இரண்டும் போட்டுவிட்டு, கழற்றப்போகும் சக்கரத்துக்கு மூலைக்கு மூலை எதிரே உள்ள சக்கரத்துக்குக் கல் கொடுங்கள். வண்டி இறக்கத்தைப் பார்த்து நின்றால் சக்கரத்துக்கு முன்னால், ஏற்றத்தைப் பார்த்து நின்றால் பின்னால். உருண்டைக் கல் வேண்டாம். சரிவு அதிகமான இடமென்றால் ஜாக்கே வைக்க வேண்டாம், இன்னும் கொஞ்சம் உருட்டுங்கள்.

மாற்றுவது

சக்கரம் தரையில் இருக்கும்போதே நட்டுகளை இடஞ்சுழியாக அரைச் சுற்று தளர்த்துங்கள். தூக்கிய பிறகு பலம் போட்டால் வண்டி ஜாக்கிலிருந்து நழுவும். கதவுக்குக் கீழே விளிம்பில் ஜாக்குக்கென்று குறி இருக்கும், வேறெங்கும் வைக்காதீர்கள். நிலம் ஈரமென்றால் அடியில் ஒரு பலகை. ஸ்பெயார் டயரை வண்டிக்கு அடியில் படுக்கப் போட்டுவிட்டுத் தூக்குங்கள்: ஜாக் சரிந்தாலும் வண்டி அதன்மேல்தான் உட்காரும். காலையோ தலையையோ அடியில் நீட்டாதீர்கள்.

அப்புறம் நட்டுகளைக் கழற்றி, பழையதை எடுத்து அடியில் போட்டுவிட்டு, புதியதை மாட்டி, கையால் நட்டு முடுக்கி, கீழே உள்ளதை எடுத்து வண்டியை இறக்குங்கள். கடைசி இறுக்கம் தரையில்தான். பக்கத்து நட்டுக்குப் போகாமல் எதிரே உள்ள நட்டுக்குப் போங்கள், சக்கரம் நேராக உட்காரும்.

சைக்கிள் டயர் போல மெலிந்த ஸ்பெயார் என்றால் அதிலேயே மணிக்கு 80 கிலோமீட்டர் என்று எழுதியிருக்கும். அது நேர் வீதிக்கு. இங்கே 40 போதும். ஜப்பானிலிருந்து வந்த சிறிய கார்கள் பலவற்றில் ஸ்பெயாரே கிடையாது, ஓட்டையை அடைக்கும் மருந்துப் போத்தலும் காற்றடிக்கும் மெஷினும்தான். ஆணி ஏறிய ஓட்டைக்கு அது சரி. கல்லில் உரசி டயரின் பக்கவாட்டு கிழிந்திருந்தால் உதவாது. உங்கள் காரில் என்ன இருக்கிறது என்று இன்றைக்கே டிக்கியைத் திறந்து பாருங்கள். ஸ்பெயார் இருந்தால் அதிலும் காற்று இருக்கிறதா என்று பாருங்கள்.

வண்டி ஆபத்தான இடத்தில் மாட்டிக்கொண்டால் பொலிஸ் 119. யாருக்காவது அடிபட்டால் 1990 அம்புலன்ஸ், இலவசம்.

முதலில் வரும் டயர் கடையில் நிறுத்தி, நட்டு இறுக்கத்தையும் காற்றையும் பார்க்கச் சொல்லுங்கள். அன்று நான் அவசரமாகக் கிளம்பப் போனபோது லொறி அண்ணன் கைகாட்டி மறித்தார். சக்கரத்துக்கு வைத்த கல் வீதியிலேயே கிடந்தது. இறங்கி அதை எடுத்துக் கானுக்கு அந்தப் பக்கம் போட்டு, கொப்புகளையும் இழுத்துப் போட்ட பிறகுதான் அவர் லொறியில் ஏறினார்.