ஆக்சலாட்டில் தொட்டியைக் குளிர்விக்க ஒரு சிறு மின்விசிறி

ஆக்சலாட்டில் (axolotl) என்னும், நீரிலேயே வாழும் சாலமாண்டர் வகை விலங்கை வளர்க்கும் தொட்டியின் மூடியை அகற்றிவிட்டு (விலங்கு துள்ளி வெளியே விழக்கூடுமாதலால் வலை கட்டுவது நல்லது), நீர்ப்பரப்பின் மீது காற்று சாய்வாகப் படுமாறு ஒரு சிறு மின்விசிறியை வைத்தால், நீரின் வெப்பநிலை பெரும்பாலும் 2 முதல் 4 டிகிரி செல்சியஸ் வரை குறையும். மண்பானைத் தண்ணீர் குளிர்வதைப் போலவே, ஆவியாகும் நீர் தனக்கு வேண்டிய வெப்பத்தை எஞ்சிய நீரிலிருந்து எடுத்துக்கொள்கிறது. மெக்சிகோவின் சோச்சிமில்கோ நீர்நிலைகளைத் தாயகமாகக் கொண்ட இவ்விலங்குக்கு 16 முதல் 18 டிகிரி உகந்தது. 24 டிகிரிக்கு மேல் நீடித்தால் அது உணவை மறுத்து, பூஞ்சைத் தொற்றுக்கு எளிதில் ஆளாகும். குறையும் நீருக்கு ஈடாகக் குளோரின் நீக்கிய நீரையே ஊற்றவும். ஈரப்பதம் மிகுந்த கடலோர ஊர்களிலும், அறையே 30 டிகிரியில் இருக்கும் கோடையிலும் இம்முறை போதாது; அங்கே குளிர்விப்பானுக்குச் செலவழிக்கத்தான் வேண்டும்.