பத்து ரூபாய் காசும் இரட்டை அம்புக்குறியும்

காரைக்குடி கல்லுக்கட்டியில் தேன்குழல் வாங்கிவிட்டு இரண்டு பத்து ரூபாய் நாணயங்களை நீட்டினேன். கடைக்கார ஆச்சி ஒன்றைத் திருப்பிக் கொடுத்துவிட்டார். “இதுல பதினஞ்சு கோடு இருக்கு தம்பி, செல்லாது. பத்துக் கோடுதான் ஒரிஜினல்னு வாட்ஸப்ல வந்துச்சே.”

வாதாடிப் பயனில்லை. அந்தச் செய்தியைத்தான் காட்டச் சொன்னேன். மேலே இரட்டை அம்புக்குறி. அதாவது, குறைந்தது ஐந்து கை மாறி வந்தது. முதலில் எழுதியவர் யாரென்று தெரியாது. அதைப் பார்த்தாலே கை நிற்க வேண்டும்.

அடுத்து, சம்பந்தப்பட்ட அலுவலகத்தின் சொந்த இணையதளத்துக்கே போங்கள். ரிசர்வ் வங்கி 2018 ஜனவரியிலேயே அறிவித்துவிட்டது: அதுவரை வந்த 14 வடிவங்களும் செல்லும், ரூபாய்க் குறி இருந்தாலும் இல்லாவிட்டாலும். ஆச்சி கண்ணாடியை ஏற்றிக்கொண்டு அறிவிப்பின் தேதியை இரண்டு முறை பார்த்தார். (நாம் தேதியைப் பார்ப்பதே இல்லை!) செய்தியோடு வந்தது பழைய படமா என்று சந்தேகம் வந்தால், படத்தை வைத்தே தேடித் தரும் கூகுள் லென்ஸில் போட்டுப் பாருங்கள்.

முக்கியமானது இன்னொன்று: தப்பை அனுப்பிய அதே குழுவில்தான் திருத்தத்தையும் போட வேண்டும். சத்தமில்லாமல் அழித்தால், படித்தவர்கள் மனதில் பழையதுதான் நிற்கும். ஆச்சி அங்கேயே குரல் பதிவு போட்டார்: “நான் அனுப்புனது தப்புங்க, காசு செல்லும்.” நாணயத்தையும் வாங்கிக்கொண்டார்.