பிறப்புச் சான்றிதழில் பெயர் இல்லாத பிள்ளைக்கு ஷெங்கன் விசா

என் மகளின் ஷெங்கன் விசா (ஐரோப்பாவின் பல நாடுகளுக்குப் பொதுவான விசா) விண்ணப்பம் விசா மையக் கவுன்ட்டரிலேயே திரும்பி வந்தது. பிறப்புச் சான்றிதழில் குழந்தையின் பெயர் இருக்க வேண்டிய இடம் காலி. மருத்துவமனையிலிருந்து போன பதிவு அப்படியே கிடந்திருக்கிறது. பாஸ்போர்ட் இருந்தாலும், யார் பெற்றோர் என்பதற்கு விசா தருபவர்கள் பார்ப்பது இந்தச் சான்றிதழைத்தான்.

பிறப்பைப் பதிந்த நகராட்சியிலோ மாநகராட்சியிலோ பெயரைச் சேர்க்கலாம். பதிவு செய்த நாளிலிருந்து 15 ஆண்டு வரை அவகாசம் உண்டு. எழுதிக் கொடுக்கும்போது பாஸ்போர்ட்டில் உள்ள ஆங்கில எழுத்துக்கூட்டை அப்படியே பார்த்து எழுதுங்கள். ஓர் எழுத்து மாறினால் திருத்தத்துக்கு மறுபடி அலைச்சல். அப்பா பெயர் ஓர் ஆவணத்தில் இனிஷியலோடும் இன்னொன்றில் விரிவாகவும் இருந்ததால், இரண்டும் ஒருவரே என்று நோட்டரி அஃபிடவிட் (உறுதிமொழிப் பத்திரம்) ஒன்று எடுத்து வைத்தேன்.

பெற்றோரில் ஒருவர் மட்டும் கூடப் போனால் மற்றவரின் சம்மதக் கடிதம் வேண்டும். பயணத் தேதி, போகும் நாடு, கூட வருபவரின் பாஸ்போர்ட் எண் எல்லாம் அதில் வரட்டும். நோட்டரி கையெழுத்து, சம்மதம் தருபவரின் பாஸ்போர்ட் நகல் இரண்டும் சேர்த்துக் கொடுங்கள். கையெழுத்து பாஸ்போர்ட்டில் உள்ளது மாதிரியே இருக்கணும், இதில்தான் பலர் கோட்டை விடுகிறார்கள்.

12 வயதுக்குக் கீழ் கைரேகை கிடையாது. கட்டணம் 6 முதல் 11 வயது வரை 45 யூரோ, அதற்குக் கீழ் இலவசம். விசா மையத்தின் சேவைக் கட்டணம் தனி. பயண மருத்துவக் காப்பீடு 30,000 யூரோவுக்குக் குறையாமல், குழந்தை பெயரிலும் வேண்டும். பயணத்துக்கு 6 மாதம் முன்பே விண்ணப்பிக்கலாம் என்பதால் சான்றிதழ் வேலையை முதலில் முடியுங்கள்.