கொம்புச்சா ஸ்கோபியைத் தாளாக்கும்போது நடக்கும் தவறுகள்

சர்க்கரை போட்ட தேநீரைப் புளிக்கவைத்த பானம்தான் கொம்புச்சா. அதை வீட்டில் போடுகிறவர்களுக்குச் சில மாதங்களில் வரும் தொல்லை ஒன்றுதான். தேநீரைப் புளிக்கவைக்கும் ஒவ்வொரு முறையும் மேலே புதிதாக ஒரு ஸ்கோபி, அதாவது பாக்டீரியாவும் ஈஸ்ட்டும் சேர்ந்து வாழும் வழவழப்பான ஏடு, படிந்துவிடும். தெரிந்தவர்களுக்குக் கொடுத்தாச்சு, செடிக்கு உரமாகப் போட்டாச்சு, இன்னும் ஜாடி நிறைய மிச்சம். பாட்டிலில் அடைத்து விற்கும் சிறு தயாரிப்பாளர்களுக்கோ இது கிலோக் கணக்கில் சேரும் கழிவு. காயவைத்தால் தோல் மாதிரி தாள் வரும் என்று வீடியோவில் பார்த்துவிட்டு மொட்டைமாடி வெயிலில் விரிப்பார்கள். கிடைப்பது பழுப்பேறிச் சுருண்டு, புளித்த வாடையோடு, தொட்டால் விரலில் ஒட்டும் ஒரு சமாச்சாரம்.

ஸ்கோபியில் என்ன இருக்கிறது என்று தெரிந்தால் பாதித் தவறுகள் நடக்கவே நடக்காது. தேநீரிலுள்ள சர்க்கரையைத் தின்னும் ஒருவகை பாக்டீரியாக்கள் நுண்ணிய செல்லுலோஸ் இழைகளைப் பின்னிக்கொண்டே போகின்றன. இங்கிலாந்தில் ஏ. ஜே. பிரௌன் 1886-லேயே இதைக் கண்டு எழுதிவிட்டார். மரக்கூழில் இருப்பதுபோல, இழைகளைப் பிணைக்கும் லிக்னின் என்ற பொருளின் கலப்பு இதில் கிடையாது. இழைகளும் மிக மெல்லியவை, அதனால்தான் நல்ல உறுதி. ஆனால் அந்த இழைவலை ஸ்கோபியின் எடையில் ஏறக்குறைய நூற்றில் ஒரு பங்கு, இரண்டு பங்குதான். மற்றதெல்லாம் நீர். அந்த நீரில் மிச்சச் சர்க்கரை, அமிலங்கள், தேயிலைச் சாயம், ஈஸ்ட் எல்லாம் கலந்து கிடக்கின்றன.

அப்படியானால், கழுவாமல் காயவைப்பதுதான் முதல் தவறு, பெரிய தவறும் அதுதான். காயும்போது, வினிகரில் இருக்கும் அசிட்டிக் அமிலம் பெருமளவு ஆவியாகிப் போய்விடும். குளுகோனிக் அமிலமும் சர்க்கரையும் எங்கும் போகாது; தாளுக்குள்ளேயே தங்கிக் காற்றிலுள்ள ஈரத்தை இழுக்கும். சென்னை, தூத்துக்குடி போன்ற கடற்கரை ஊர்களில் அந்தத் தாள் ஒருநாளும் முழுதாகக் காயாது. மழைக்காலம் வந்தால் பூஞ்சணம் நிச்சயம்.

கழுவுவதற்கு முன் இன்னொரு வேலை இருக்கிறது. பழைய ஸ்கோபியை விளக்கு வெளிச்சத்தில் தூக்கிப் பாருங்கள். பல ஏடுகள் ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கியிருப்பது தெரியும். ஒவ்வொரு முறை புளிக்கவைத்தபோதும் ஓர் ஏடு சேர்ந்திருக்கிறது. அடியில் பழுப்பு நூல்களாகத் தொங்குவது ஈஸ்ட். இப்படியே காயவைத்தால் பிற்பாடு ஏடுகள் பிரிந்து உரிந்துவரும். விளிம்பில் நகத்தை நுழைத்து மெதுவாகப் பிரித்து, ஈஸ்ட்டை வழித்தெடுத்துவிட்டு, மெல்லிய ஏடுகளாகக் கழுவுவது நல்லது. பச்சை, கறுப்புப் பூஞ்சணம் பிடித்த ஸ்கோபி என்றால் பிரித்துப் பார்க்கவே வேண்டாம். மொத்தமாகத் தூக்கிப் போடுங்கள்.

வெறும் தண்ணீரில் அலசினால் போதாது. ஆய்வகங்களில் காஸ்டிக் சோடாக் கரைசலில்தான் சுத்தம் செய்கிறார்கள். லிட்டருக்கு 20 கிராம் கலந்து, 80 முதல் 90 டிகிரி சூட்டில் ஏறக்குறைய ஒரு மணி நேரம் வைத்தால் பாக்டீரியாக்களும் புரதமும் கரைந்து வெளியேறிவிடும், தேயிலை நிறமும் பெருமளவு இறங்கும். தவறு நடப்பது இந்த இடத்தில்தான். கையில் கிடைத்த அலுமினியப் பாத்திரத்தை அடுப்பில் ஏற்றுவார்கள். காஸ்டிக் சோடா அலுமினியத்தை அரித்து, தீப்பற்றக்கூடிய ஹைட்ரஜனை வெளியிடும். எவர்சில்வர் பாத்திரம்தான் சரி, அதையும் சமையலுக்குத் திருப்பக் கூடாது. தண்ணீரில் சோடாவைக் கொஞ்சம் கொஞ்சமாகப் போட வேண்டும். சோடாவின் மேல் தண்ணீரை ஊற்றினால் கொதித்துத் தெறிக்கும். கையுறையும் கண்ணுக்குப் பாதுகாப்புக் கண்ணாடியும் இல்லாமல் இந்த வேலையில் இறங்காதீர்கள். பள்ளிப் பிள்ளைகளின் புராஜெக்ட் என்றால் இந்தப் பகுதியைப் பெரியவர்கள் செய்வதே முறை.

சீக்கிரம் வெளுக்கட்டும் என்று சோடாவை நாலைந்து மடங்கு கூட்டுவதும் நடக்கிறது. கரைசல் மிகக் கடுமையானால் அழுக்கோடு நிற்காது. செல்லுலோஸின் படிக அமைப்பையே மாற்றிவிடும், ஏடும் சுருங்கிப்போகும்.

அப்புறம் அலசல். காஸ்டிக் சோடாவின் காரம் ஏட்டின் உள்ளேயிருந்து ஊறித்தான் வெளியே வர வேண்டும், குழாயடியில் பத்து நிமிடம் காட்டுவதால் வராது. நீரில் ஊறப்போட்டு, இரண்டு மூன்று நாள் நீரை மாற்றிக்கொண்டே இருக்க வேண்டும். லிட்மஸ் தாளையோ பிஹெச் தாளையோ ஏட்டின் மேலேயே அழுத்திப் பார்ப்பது, ஊறிய நீரைச் சோதிப்பதைவிட நம்பகமானது. கழித்த காஸ்டிக் நீரை அப்படியே சாக்கடையில் விடாதீர்கள். அளவுக்கு மீறிப் புளித்துப்போன கொம்புச்சா இருக்கிறதே, காஸ்டிக் நீர் ஆறிய பிறகு அதை ஊற்றிக் காரத்தைச் சமப்படுத்தலாம். ஒரு கழிவுக்கு இன்னொரு கழிவு.

கிளிசரின் விஷயத்தில் கணக்கு தவறுகிறது. எதுவும் சேர்க்காமல் காய்ந்த தாள் மடித்தால் வெடிக்கும், ஆகவே கிளிசரின் தேவைதான். ஆனால் ஈர எடையைப் பார்த்து அளந்துவிடுவார்கள். ஒரு கிலோ ஈர ஏட்டில் உள்ள செல்லுலோஸ் சுமார் 10 கிராம். ‘கிலோவுக்கு 50 கிராம் கிளிசரின்தானே’ என்று ஊற்றி அதை உள்ளேயே காயவிட்டால், செல்லுலோஸைப்போல் ஐந்து மடங்கு கிளிசரின் தாளில் தங்கும். அது தாளாக இருக்காது, எண்ணெய் ஊறிய அப்பளம் மாதிரி இருக்கும். உலர்ந்த எடையை வைத்துக் கணக்கிட்டு, குறைவாகத் தொடங்கி, சின்னத் துண்டுகளில் சோதித்துப் பாருங்கள். காய்ந்த பிறகு மேலே தடவுவதால் பயன் குறைவு. ஒருமுறை காய்ந்த இழைகள் நெருங்கி ஒட்டிக்கொள்ளும். திரும்ப ஊறவைத்தாலும் பழைய அளவுக்கு உப்பாது. ஈரமாக இருக்கும்போதே ஊறவைத்துவிட வேண்டும்.

காயவைப்பதில் அவசரம் ஆகாது. 1 செ.மீ. தடிமனான ஏடு காய்ந்தால் ஒரு மில்லிமீட்டரில் பத்தில் ஒரு பங்குக்கு வந்துவிடும். கடும் வெயிலிலோ ஓவனிலோ வைத்தால் விளிம்பு முதலில் காய்ந்து நடுப்பகுதியை இழுக்கும். தாள் அலையலையாக நெளிந்துபோகும். நிழலில், விளிம்புகளைக் கிளிப் போட்டுப் பிடித்து, காற்றோட்டத்தில் விடுவதே நல்லது. கண்ணாடியில் விரித்தால் பளபளப்பாக வரும், ஆனால் உரிக்கும்போது கிழியும். துணியில் விரித்தால் நெசவுத் தடம் அப்படியே பதியும். சிலர் அதற்காகவே துணியைத் தேடுகிறார்கள், அது ரசனை. செய்தித்தாள் மட்டும் வேண்டாம்.

துண்டு துண்டாகக் கிடப்பதை மிக்சியில் அரைத்து ஊற்றித் தாளாக்கலாம். ஆனால் அரைக்கும்போது அந்த வலைப்பின்னல் அறுந்துபோகிறது, முழு ஏட்டின் உறுதியை எதிர்பார்க்கக் கூடாது. கடற்பாசியிலிருந்து எடுக்கும் ஆல்ஜினேட், ஸ்டார்ச் என்று ஏதாவது ஒரு பிணைப்பு வேண்டும். இறால், நண்டு ஓடுகளிலிருந்து எடுக்கும் கைட்டோசானைச் சேர்ப்பவர்கள் கவனிக்க வேண்டியது: அது நீர்த்த அமிலத்தில்தான் கரையும். கூழில் காரம் மிச்சமிருந்தால் திரிதிரியாகத் திரண்டுவிடும். அலசலில் காட்டிய சோம்பல் இங்கே வந்து பல்லிளிக்கும்.

கடைசியாக, விற்கிற இடத்தில் நடக்கும் தவறு. தமிழ்நாட்டில் 2019 ஜனவரியிலும் நாடு முழுவதும் 2022 ஜூலையிலும் ஒருமுறை பயன்படுத்தும் பிளாஸ்டிக் பொருள்கள் பலவற்றுக்குத் தடை வந்ததிலிருந்து, எந்தத் தாளைக் கண்டாலும் ‘பிளாஸ்டிக்குக்கு மாற்று’ என்று சொல்லும் ஆசை எல்லோருக்கும் வந்துவிட்டது. செல்லுலோஸ் உருகாது, ஆகவே பாலித்தீன் பைபோலச் சூடு வைத்து ஒட்ட முடியாது. காய்ந்த நிலையில் ஆக்சிஜனை நன்றாகத் தடுக்கும், ஈரம் பட்டால் அந்தத் திறன் குறைந்துவிடும். நீராவியைத் தடுப்பதிலும் சுமார்தான். தண்ணீர் புகாமலிருக்க பாலியூரித்தேன் என்ற பிளாஸ்டிக்கைப் பூசிவிட்டு ‘நூறு சதவீதம் மக்கும்’ என்று லேபிள் ஒட்டுவது ஏமாற்று வேலை. உணவைச் சுற்றலாம் என்பதும் சோதனை செய்யாமல் சொல்லக்கூடாத வார்த்தை.

இதன் குணத்துக்குப் பொருந்தும் வேலைகள் வேறு இருக்கின்றன. 1980-களிலேயே ஜப்பானில் சோனி நிறுவனம் பாக்டீரியா செல்லுலோஸை ஹெட்ஃபோனின் அதிரும் தகட்டுக்குப் பயன்படுத்தியது. பிரேசிலில் தீக்காயத்துக்குப் போர்த்தும் தாளாக்கினார்கள். கேரளத்தில் வீணாகும் தேங்காய்த் தண்ணீரில் இதே வகை ஏட்டை வளர்த்து, வாழைநார் போன்ற இழைகளைச் சேர்த்து, தோலுக்குப் பதிலான பொருளாக்குகிறது மலாய் நிறுவனம். வீட்டளவில் என்றால் விளக்குக் கூடு, நோட்டுப் புத்தக அட்டை, சின்னப் பர்ஸ் வரைக்கும் தைரியமாகப் போகலாம். பர்ஸ் தைப்பவர்கள் தையலை நெருக்கமாகப் போடாதீர்கள். ஊசித்துளைகள் வரிசையாக விழுந்தால் தாள் அந்தக் கோட்டிலேயே கிழியும்.