கம்ப்யூட்டரோட செஸ் ஆடும்போது லெவலை எப்படி செட் பண்றது?

புதுசா செஸ் கத்துக்கிறவங்க நிறைய பேரு ஸ்டாக்ஃபிஷ்ங்கற செஸ் எஞ்சினை (செஸ் ஆடுற சாஃப்ட்வேர்) ஃபுல் பவர்ல வச்சு ஆடி, தோத்து தோத்து வெறுத்துப் போய் ஆட்டத்தையே விட்டுடறாங்க. உலக சாம்பியனே ஜெயிக்க முடியாத எஞ்சின் அது, நமக்குத் தகுந்த மாதிரி இறக்கி வச்சுதான் ஆடணும்.

முதல்ல ஈஸியான வழி. லிசெஸ் ஆப்பையோ சைட்டையோ திறந்து கம்ப்யூட்டரோட ஆடுற பட்டனை அழுத்துங்க, அக்கவுன்ட் கூட வேணாம். 1லேர்ந்து 8 வரைக்கும் லெவல் இருக்கும், 1ல ஆரம்பிச்சு தொடர்ந்து ஜெயிச்சா ஒண்ணு ஏத்துங்க. டைம் லிமிட் இல்லாம ஆடுங்க, அவசரத்துல எதுவும் மண்டைல ஏறாது.

அடுத்தது பிசில ஆடுறவங்களுக்கு. அரீனாங்கற இலவச சாஃப்ட்வேர்ல ஸ்டாக்ஃபிஷ்ஷை இன்ஸ்டால் பண்ணி, கன்ட்ரோல் பட்டனோட 1ஐ அழுத்துனா எஞ்சின் செட்டிங்ஸ் வரும். அதுல ஸ்கில் லெவல் 0லேர்ந்து 20 வரைக்கும் இருக்கு, இல்லன்னா லிமிட் ஸ்ட்ரெங்த்தை டிக் பண்ணிட்டு ஈலோ நம்பரை, அதாவது ஆட்டத் திறமையைக் காட்டுற ரேட்டிங்கை, போடலாம் (புது வெர்ஷன்ல குறைஞ்சது 1320, அதிகபட்சம் 3190). ரெண்டையும் மாத்துனா ஈலோ தான் செல்லும். இந்த நம்பர் எஞ்சின்களை ஒண்ணோட ஒண்ணு ஆட விட்டு அளந்தது, உங்க ஆன்லைன் ரேட்டிங்கோட அப்படியே ஒப்பிடாதீங்க.

இங்க ஒரு விஷயம் கண்டிப்பா தெரிஞ்சுக்கணும். லெவலை குறைச்சா ஸ்டாக்ஃபிஷ் ஆட்டத்தை மறந்துடறது இல்ல, நல்ல மூவ் நாலஞ்சை பார்த்து வச்சுக்கிட்டு அதுல சுமாரான ஒண்ணை அப்பப்போ குலுக்கல் மாதிரி எடுத்து ஆடுது. அதனால பத்து மூவ் கிராண்ட்மாஸ்டர் மாதிரி ஆடிட்டு பதினோராவது மூவ்ல யானையை சும்மா தூக்கிக் கொடுக்கும், எந்த மனுஷனும் அப்படி ஆட மாட்டான், அதை ஜெயிச்சு நாம கத்துக்கிறதும் கம்மி.

அதுக்குத்தான் நான் எல்லாருக்கும் மாயாங்கற (Maia) எஞ்சினை சொல்றேன். 2020ல டொராண்டோ யுனிவர்சிட்டி ஆளுங்களும் கூட சிலரும் சேர்ந்து செஞ்சது, லிசெஸ்ல மனுஷங்க ஆடுன கேம்களை வச்சே பழக்கியிருக்காங்க. பெஸ்ட் மூவ் எதுன்னு அது தேடாது, அந்த ரேட்டிங்ல இருக்கிற ஆளு இந்த இடத்துல என்ன ஆடுவான்னு தான் பார்க்கும். லிசெஸ்ல அக்கவுன்ட் போட்டு மாயா1னு (maia1) தேடி சேலஞ்ச் கொடுங்க, அது 1100 லெவல், மாயா5 1500, மாயா9 1900. நாம பண்ற மாதிரியே குதிரை ஃபோர்க்கை (ஒரே குதிரை ரெண்டு காயை ஒண்ணா தாக்குறது) கவனிக்காம விடும், அதைப் பிடிச்சு காய் ஜெயிச்சா அடுத்த தடவை மனுஷனோட ஆடும்போதும் அதே கண்ணு வேலை செய்யும்.

ஸ்டைலும் மாத்திப் பார்க்கணும்னா லீலா குயின் ஆட்ஸ்னு ஒரு பாட் இருக்கு, ராணியே இல்லாம ஆடும், ஆனா காய்களை மாத்திக்காம போர்டை சிக்கலாக்கிக்கிட்டே போகும். முன்னாடி இருக்கும்போது பதறாம காய் வெட்டி வெட்டி எளிமையாக்கப் பழக அதைவிட நல்ல ஆள் கிடையாது.

எந்த எஞ்சினோட ஆடுனாலும், ஆடுற நேரத்துல ஹிண்ட்டையும் இவாலுவேஷன் பாரையும் (யாரு முன்னாடி இருக்காங்கன்னு காட்டுற பட்டை) ஆஃப் பண்ணி வைங்க. கேம் முடிஞ்சதும் ஸ்டாக்ஃபிஷ்ஷை ஃபுல் பவர்ல போட்டு அனலைஸ் பண்ணி, மதிப்பெண் சட்டுனு சரிஞ்ச அந்த ஒரு மூவை மட்டும் நீங்களே உட்கார்ந்து யோசிங்க.