சிடி பாடுது, டிவிடி மட்டும் ஓடல

மலேசியாவின் சுங்கை சிப்புட்டில் அக்கா கல்யாண டிவிடியைப் போட்டால் என் பழைய மடிக்கணினி இரண்டு தடவை 'டிக் டிக்' என்று சத்தம் போட்டுவிட்டு, வட்டைச் செருகு என்று கேட்கும். நாலு நாள் போனது.

வட்டு டிரைவை இயக்கும் மென்பொருளான டிரைவரை நீக்கி மறுபடி ஏற்றினேன். விண்டோஸ் தன் அமைப்புகளைக் குறித்து வைக்கும் ரெஜிஸ்ட்ரியில் அப்பர்ஃபில்டர்ஸ், லோயர்ஃபில்டர்ஸ் என்ற இரண்டு பதிவுகளையும் அழித்தேன். அது விண்டோஸில் டிரைவே காணாமல் போனால் செய்கிற வேலை. என்னுடையது காணாமல் போகவே இல்லை. தூரிகை வைத்த லென்ஸ் கிளீனர் வட்டும் வீண். கடைக்காரர் புது டிரைவ் மாட்டச் சொன்னார்.

கவனித்தது ஒன்றுதான்: பழைய பாட்டு சிடி சுத்தமாகப் பாடியது. சிடிக்கு 780 நானோமீட்டர் அலைநீள லேசர், டிவிடிக்கு 650. டிவிடியின் தடங்கள் சிடியைவிடப் பாதிக்கும் குறைவான இடைவெளியில் நெருங்கியிருக்கும். லென்ஸ் லேசாக மங்கினாலும் டிவிடிதான் முதலில் படுக்கும்.

மடிக்கணினியை அணைத்து, தட்டின் முகப்பிலுள்ள சின்ன ஓட்டையில் பேப்பர் கிளிப்பைக் குத்தித் திறந்தேன். லென்ஸ் தட்டோடேயே வெளியே வந்தது. டார்ச்சைச் சாய்த்து அடித்தால் தூசி இல்லை. மஞ்சளாக ஒரு படலம். மூன்று வருடமாகச் சாமி மேடைக்குக் கீழே வைத்திருந்தேன், வெள்ளிக்கிழமை தவறாமல் சாம்பிராணி! புகைப்பிசினைத் தூரிகை எப்படி எடுக்கும்?

பார்மசியில் வாங்கிய ஐசோபுரோப்பைல் ஆல்கஹாலைப் பஞ்சுக் குச்சியில் தொட்டு, சொட்டாதபடி பிழிந்து, அழுத்தாமல் வட்டமாக இரண்டு சுற்று. குச்சி முனை தேநீர் நிறத்துக்கு மாறியது. பத்து நிமிடம் காயவிட்டுப் போட்டேன், நாதஸ்வரம் கேட்டது. மடிக்கணினி இப்போது அலமாரியில்.